ஆளைக் கூப்பிட்டுவிட்டு நீங்களே பேசினால் எப்படி?

இன்றும் ஒரு ஃபோகஸ் குரூப் (ஒரு விஷயத்தைப் பற்றிச் சிலரைக் கூட்டிப் பேசவைத்துக் கருத்தறியும் ஆய்வு) ஒலிப்பதிவைக் கேட்டு எழுதி முடித்தேன். 90 நிமிடத்தில் பாதிக்கு மேல் பேசியது நடத்துபவர்தான்! பிறகு எதற்கு அத்தனை பேரை வரவழைத்தீர்கள்?

"இந்தத் திட்டம் உங்களுக்குப் பயனுள்ளதாகத்தானே இருக்கிறது?" இது ஒரு கேள்வியா? பதிலை வாயில் திணித்துவிட்டுத் தலையாட்டச் சொல்வது. வழிநடத்திக் கேட்காதே என்று சமூகவியலாளர்கள் ராபர்ட் மெர்ட்டனும் பாட்ரீசியா கெண்டலும் 1946-லேயே எழுதிவைத்துவிட்டார்கள். இன்னும் எத்தனை காலம் வேண்டும்?

ஒரு குழுவுக்கு 6 முதல் 8 பேர் போதும். இங்கே 14 பேர். அதில் ஒருவர் மேலதிகாரி, மற்றவர்கள் அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள். யார் வாயைத் திறப்பார்கள்? நடத்துபவர் விட்ட நேரத்தில் அந்த மேலதிகாரியே பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். ஒருவரும் தடுக்கவில்லை.

கடைசியில் ஒரு பெண், "எனக்கு அப்படித் தோன்றவில்லை..." என்று மெதுவாக ஆரம்பித்தார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தானே இவ்வளவு ஏற்பாடும்? "கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு ஐந்து நொடி சும்மா இருந்திருக்கலாம். நடத்துபவரோ "சரி, அடுத்த கேள்வி" என்று தாவிவிட்டார். வயிறு எரிகிறது.

அப்புறம் அறிக்கை வருகிறது: "71 சதவீதம் பேர் ஆதரவு." 14 பேரில் என்ன சதவீதம்? ஏன், எப்படி என்று கேட்க வந்த இடத்தில் தலை எண்ணுகிறார்கள். அந்தப் பெண் என்ன சொல்ல வந்தார்? அது அறிக்கையில் எங்கே?