ஐஜிஏ நெஃப்ரோபதிக்கு இம்யூனிட்டி பவுடரா?

"எதிர்ப்புச் சக்தி குறைவதால்தான் ஐஜிஏ நெஃப்ரோபதி வருகிறது, இம்யூனிட்டி பவுடர் போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. இது ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் சிறுநீரகத்தில் படிவதால் வரும் நோய். அந்தப் புரதத்தின் ஒரு வகையான ஐஜிஏ1 மூலக்கூறில் காலக்டோஸ் சர்க்கரை குறைந்துபோவதால், உடல் அதற்கே எதிர்ப்பான் (ஆன்டிபாடி) தயாரிக்கிறது. இரண்டும் ஒட்டிய கொத்துகள் சிறுநீரக வடிகட்டியின் மெசாஞ்சியத்தில் (நுண் ரத்தக்குழாய்களைத் தாங்கும் பகுதி) படிகின்றன. அங்குள்ள செல்கள் பெருகுகின்றன, காம்ப்ளிமென்ட் எனப்படும் நோய் எதிர்ப்புப் புரதங்கள் தூண்டப்படுகின்றன, ரத்தமும் புரதமும் சிறுநீரில் கசிகின்றன. தொண்டைவலி வந்த ஓரிரு நாளிலேயே சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போகலாம். (ஓரிரு வாரம் கழித்து என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்குப் பிந்தைய அழற்சியையும் யோசிக்க வேண்டும்.) ரத்தத்தில் ஐஜிஏ நார்மல் என்று நிம்மதி அடையாதீர்கள், பலருக்கு அப்படித்தான் இருக்கும், உறுதிசெய்வது பயாப்ஸி (சிறுநீரகத் திசுவைச் சிறிது எடுத்துப் பார்க்கும் சோதனை). ராமிப்ரில், டெல்மிசார்டான் போன்றவற்றை பிரஷருக்காக மட்டுமல்ல, புரதக் கசிவைக் குறைக்கவும் கொடுக்கிறார்கள். சிறுநீரில் போகும் புரதத்துக்கு இலக்கு நாளுக்கு 0.5 கிராமுக்குக் கீழே. பொட்டாசியம், கிரியாட்டினின் பார்த்துக்கொண்டே டோஸ் ஏற்றுவார்கள்.