வன உரிமை மனு: ‘கெடு முடிந்தது’ என்பது பொய்

“வன உரிமை மனுவுக்குக் கெடு முடிந்துவிட்டது, விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் போனால் நிலத்தைப் பிடுங்கிவிடுவார்கள்” என்ற வாட்ஸ்அப் செய்தி வேலூர் மாவட்ட மலைக் கிராமங்களான பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லைப் பக்கம் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் மக்களுக்கு நேர்ந்த வரலாற்று அநீதியைச் சரிசெய்யவே வந்தது. அதன் முகவுரையே அப்படித்தான் சொல்கிறது. சட்டத்தில் இறுதி நாள் கிடையாது. மனுக்களைக் கோருவது கிராம சபை. அது தரும் மூன்று மாத அவகாசத்தை நீட்டிக்கவும் அதற்கே அதிகாரம் உண்டு. பரிசீலனை முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது பிரிவு 4(5). பழங்குடியினர் 13.12.2005க்கு முன்பிருந்து உழுதுவரும் நிலத்துக்கு, 4 ஹெக்டேர் வரை, உரிமை கோரலாம். பாட்டன் உழுத மண்ணைக் கேட்க எதற்குப் பயம்?

சட்ட வாசகம் மத்திய பழங்குடியினர் நல அமைச்சக இணையதளத்தில் உள்ளது. வேலூர் ஆட்சியர் அலுவலகத்திலும் விசாரிக்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.