அந்தக் கடைசி 3 செகண்டுக்கு அப்படி என்னய்யா அவசரம்?

சிக்னல் டைமர்ல 5, 4, 3-ன்னு இறங்கினதுமே பைக்காரங்க கிளம்பிடறாங்க. சிவப்பு இன்னும் எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு. முன்சக்கரம் ஏற்கெனவே ஜீப்ரா கோட்டைத் தாண்டி நிக்குது, கை ஆக்சிலேட்டரை முறுக்கி முறுக்கி விடுது. கோட்டுக்குப் பின்னாடி ஒழுங்கா நிக்கிறவனுக்குப் பின்னாலேர்ந்து ஹாரன் வேற. பார்க்கப் பார்க்க வயிறு எரியுது.

கொஞ்சம் கணக்கு போட்டுப் பாருங்க. ஒழுங்கா செட் பண்ண சிக்னல்ல ஒரு பக்கம் சிவப்பு விழுந்ததும் அடுத்த பக்கம் உடனே பச்சை விழாது. நடுவுல ஒண்ணு ரெண்டு செகண்ட் எல்லாப் பக்கமும் சிவப்புதான். கடைசியா உள்ள வந்த வண்டி தாண்டிப் போறதுக்கான நேரம் அது. 60-ல வர்றவன் செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போறான். மஞ்சளைப் பார்த்து பிரேக் பிடிக்காம முறுக்கிட்டு வந்தான்னா, சிவப்பு விழும்போதுதான் ஜங்ஷனுக்குள்ளயே நுழையறான். இந்தப் பக்கம் பச்சைக்கு 3 செகண்ட் முன்னாடியே கிளம்புன பைக், சாதாரணமா முறுக்கினாலே பச்சை விழறதுக்குள்ள 9 மீட்டர் போயிருக்கும். அதாவது சரியா அவன் வர்ற லேன்ல. ரெண்டு பேருமே திருடுறது அந்த ஒரே ரெண்டு செகண்டைத்தான். இதுல பக்கவாட்டுல அடி வாங்கற பைக்காரனுக்குக் கதவு கிடையாது, பம்பர் கிடையாது. இருக்கறது முட்டியும் இடுப்பும்தான்.

பச்சையே விழுந்தாலும் முதல்ல வலது பக்கம் பாருங்க, அங்கிருந்துதான் குறுக்கே வர்றவன் முதல்ல மேல வந்து விழுவான். பக்கத்துல பஸ் நின்னு வலது பக்கத்தை மறைச்சா, அது நகர்றதுக்கு முன்னாடி நகராதீங்க. டிரைவர் உயரத்துல உக்காந்திருக்கார். அவர் ஏன் இன்னும் கிளம்பலைங்கறது உங்களுக்குத் தெரியாது!

அதே பஸ்ஸுக்கும் இடது பிளாட்பாரத்துக்கும் நடுவுல கிடைக்கற சந்துல நுழையறவங்களை என்ன சொல்றது? பஸ் இடது பக்கம் திரும்பினா பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்துல போகாது, உள்பக்கமா வெட்டிட்டு வரும். அந்தச் சந்து அப்படியே மூடிடும். பஸ், லாரி மூக்குக்கு நேர் கீழ நிக்கிறதும் அதே தப்புதான், டிரைவருக்கு உங்க தலை தெரியாது.

இன்னொண்ணு, ஸ்டாப் லைன் பக்கம் ரோட்டைக் குனிஞ்சு பாருங்க. லேனுக்கு நடுவுல கறுப்பா ஒரு பட்டை ஓடும். நின்னு நின்னு போற வண்டிகள் சொட்டின ஆயில் அது. முதல் மழைக்குப் புழுதியோட குழைஞ்சு வழுக்கும், பெயின்ட் கோடும் சேர்ந்து வழுக்கும். அதனால கார் டயர் ஓடற தடத்துலயே வந்து, கோட்டுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடணும். காய்ஞ்ச ரோட்லயே 50-ல வந்தா, சுதாரிக்க 14 மீட்டர், பிரேக்குக்கு இன்னொரு 16 மீட்டர் வேணும். பின் பிரேக்கை மட்டும் மிதிச்சா இதுவும் பத்தாது. வெயிட் முன்னாடி சாயறதால பிடிப்பு முன்சக்கரத்துலதான் இருக்கு. ரெண்டையும் சேர்த்துப் பிடிங்க, முன் பிரேக்கை வெடுக்குன்னு இல்லாம, விடாம கொஞ்சம் கொஞ்சமா அழுத்தத்தைக் கூட்டிப் பிடிங்க.

நின்னதும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிட்டு மொபைலை எடுக்காதீங்க. பின்னாடி ஒரு வண்டி வந்து நிக்கற வரைக்கும் ஃபர்ஸ்ட் கியர், கையில கிளட்ச், கண்ணு மிர்ரர்ல. மிர்ரரையே கழட்டி வீட்ல வச்சிருக்கறவங்ககிட்ட இதை எப்படிச் சொல்றது? ஹெல்மெட் ஸ்ட்ராப்பைத் தொங்கவிட்டு வர்றவங்களும் அப்படித்தான். தலை தரையைத் தொடறதுக்கு முன்னாடியே அது கழண்டு உருண்டு ஓடிடும்.

பின்னாடி ஹாரன் அடிக்கற அண்ணே, சிவப்புல 3 இருக்கும்போது முன்னாடி நிக்கிறவன் நகரமாட்டான். நீங்க அழுத்தற அழுத்துல பதறிக் கிளம்புறது பக்கத்துல நிக்கற, புதுசா ஸ்கூட்டி ஓட்டற அந்தப் பொண்ணுதான். தயவுசெஞ்சு அந்தக் கையை எடுங்க.