குண்டாஸ் ரத்து, சரி. உள்ளே போன மாதங்களுக்கு யார் பொறுப்பு?

"குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டவரை விடுவிக்க உயர் நீதிமன்றம் உத்தரவு" என்று செய்தி வரும்போதெல்லாம், நீதிமன்றம் ஒருவருடைய உரிமையைக் காப்பாற்றிவிட்டது என்ற நிம்மதியோடு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். எனக்கு அந்த நிம்மதி வரவே மாட்டேன் என்கிறது. தீர்ப்பு வருவதற்குள் அந்த ஆள் ஆறு மாதமோ எட்டு மாதமோ உள்ளே இருந்திருப்பார். செல்லாத ஓர் உத்தரவை வைத்து அவரை அடைத்திருக்கிறார்கள், அது செல்லாது என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்படியென்றால் போன மாதங்களுக்கு யார் பதில் சொல்வது? நம் உச்ச நீதிமன்றம் 1983லேயே கேட்டுவிட்ட கேள்விதான் இது. குண்டர் சட்ட வழக்குகளில் மட்டும் அதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1982ஆம் ஆண்டின் 14வது சட்டம். கள்ளச்சாராயம், போதைப்பொருள், ரவுடித்தனம், குடிசை நில அபகரிப்பு என்று ஆரம்பித்து, பிறகு திருட்டு வீடியோ, மணல் கடத்தல், சைபர் குற்றம் என்று பட்டியலை நீட்டிக்கொண்டே போனார்கள். கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கையெழுத்துப் போட்டால் ஓராண்டு வரைக்கும் ஒருவரை விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கலாம். செய்த குற்றத்துக்கான தண்டனை இல்லை இது, இனிமேல் செய்துவிடுவார் என்ற கணிப்புதான். சாதாரணக் கைதியை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். தடுப்புக் காவலுக்கு அந்த விதி பொருந்தாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 22வது பிரிவே சொல்கிறது. உத்தரவைப் பார்க்க அறிவுரைக் கழகம் என்று ஒன்று இருக்கிறது, அங்கே வக்கீல் வைத்து வாதாடும் உரிமை கிடையாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் சிறைப் புள்ளிவிவரங்களைப் புரட்டினால், தடுப்புக் காவல் கைதிகளின் எண்ணிக்கையில் பல ஆண்டுகள் தமிழ்நாடு முதலிடத்திலோ அதை ஒட்டியோ நிற்கிறது. நமக்கு இதில் பெருமைப்பட எதுவும் இல்லை.

இவ்வளவு கடுமையான அதிகாரத்துக்கு எதிராக அந்தக் குடும்பத்தின் கையில் இருப்பது ஆட்கொணர்வு மனு, அதாவது அடைத்து வைத்திருக்கும் ஆளை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்கும் மனு. வக்கீல்கள் பேச்சில் எச்.சி.பி. பெரும்பாலும் அம்மாவோ மனைவியோதான் மனுதாரர். அரசமைப்புச் சட்டத்தின் 226வது பிரிவின்படி உயர் நீதிமன்றத்துக்கும், 32வது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்துக்கும் போகலாம். அந்த 32வது பிரிவைத்தான் அரசமைப்புச் சட்டத்தின் இதயமும் ஆன்மாவும் என்று அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் சொன்னார்.

இந்த வழக்குகள் எதில் ஜெயிக்கின்றன என்பதைக் கவனித்தால்தான் பிரச்சினை புரியும். அடைக்கப்பட்டவருக்கு ஒரு கட்டுக் காகிதம் கொடுப்பார்கள், அதற்குப் பெயர் புக்லெட். முதல் தகவல் அறிக்கை, வாக்குமூலங்கள், ரிமாண்ட் உத்தரவு எல்லாம் அதில் இருக்கும். ஏதோ ஒரு பக்கத்தில் ஜெராக்ஸ் கறுப்பாக விழுந்து ஓர் எழுத்தும் தெரியாது. இன்னொரு பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும், தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கு அதன் மொழிபெயர்ப்பைக் கொடுத்திருக்க மாட்டார்கள். அவர் அனுப்பிய முறையீட்டுக் கடிதம் ஏதோ ஒரு மேசையில் வாரக்கணக்கில் தூங்கியிருக்கும். அவர் ஜாமீனுக்கே மனுப் போட்டிருக்க மாட்டார், ஆனால் உத்தரவில் "ஜாமீனில் வெளியே வர வாய்ப்புள்ளது" என்று எழுதியிருக்கும். இதெல்லாம் அற்பமான ஓட்டை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எதற்காக அடைத்தார்கள் என்பதே வாசிக்க முடியாவிட்டால் ஒரு மனிதர் எதை மறுத்து எழுதுவார்? ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இந்த ஜாமீன் விஷயத்தைப் பிட்டுப் பிட்டு வைத்தது. ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லாதபோது வெளியே வந்துவிடுவார் என்று சொல்வதற்கு அடிப்படை என்ன என்று கேட்டு, அந்தக் காவல் உத்தரவை ரத்து செய்தது. அதற்குப் பிறகும் அதே வாக்கியம் உத்தரவுகளில் வந்துகொண்டுதான் இருக்கிறது. பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி அச்சடிக்கிறார்கள். தப்பு செய்தால் என்ன ஆகும்? உத்தரவு ரத்தாகும், அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டவர் பாக்கெட்டிலிருந்து ஒரு ரூபாய் போகாது, அவருடைய பதவி உயர்வும் நிற்காது.

எங்கள் பகுதியில் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பையன் மேல் குண்டாஸ் போட்டார்கள். அடிதடி வழக்குகள் இருந்தன, அவனை உத்தமன் என்று நான் சொல்ல வரவில்லை. அவனுடைய அம்மா இட்லிக் கடை வைத்திருப்பவர். தாலிச் சங்கிலியை அடகு வைத்து வக்கீலுக்குக் கொடுத்தார். மனு இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று காத்திருந்தார். பட்டியலில் வந்ததும் அரசுத் தரப்பில் அவகாசம் கேட்டார்கள், திரும்பவும் காத்திருந்தார். ஏழெட்டு மாதம் ஓடிய பிறகு, புக்லெட்டில் ஒரு பக்கத்துக்குத் தமிழாக்கம் தரவில்லை என்பதற்காக உத்தரவு ரத்தானது. அதற்குள் ஆட்டோவுக்குத் தவணை கட்டாமல் ஃபைனான்ஸ்காரர்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அந்தத் தீர்ப்பை என்னிடம் காட்டி, "இதுல நகையைத் திருப்புறதுக்கு ஏதாச்சும் எழுதியிருக்கா தம்பி?" என்று கேட்டார். அதில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை.

எழுத முடியாதா என்றால், தாராளமாக முடியும். பீகாரில் ருதுல் ஷா என்பவரை முசாபர்பூர் செஷன்ஸ் நீதிமன்றம் 1968 ஜூன் 3ஆம் தேதி விடுதலை செய்தது. அவர் சிறையிலிருந்து வெளியே வந்தது 1982 அக்டோபர் 16ஆம் தேதி. விடுதலையான பிறகு பதினான்கு வருடம் உள்ளேயே கிடந்திருக்கிறார்! ஏன் என்று கேட்டதற்கு அவருக்கு மனநிலை சரியில்லை என்றார்கள், அதற்கு உருப்படியான ஆதாரம் எதையும் காட்ட முடியவில்லை. அதுவும் ஆட்கொணர்வு மனுதான். அவர்தான் வெளியே வந்துவிட்டாரே, வழக்கு முடிந்தது என்று மூடியிருக்கலாம். 1983இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த ஒய்.வி. சந்திரசூட் (டி.ஒய். சந்திரசூட்டின் அப்பா) மூடவில்லை. விடுவிப்பதோடு நின்றுவிட்டால் உயிர் வாழும் உரிமை வெறும் பேச்சாகிவிடும் என்று சொல்லி, அரசு ஏற்கனவே கொடுத்திருந்த 5,000 ரூபாய்க்கு மேல் 30,000 ரூபாய் கொடுக்கச் சொன்னார். தொகை சின்னதுதான். ஆனால் சிவில் கோர்ட்டுக்குப் போய் தனியாக நஷ்ட ஈட்டு வழக்குப் போடு என்று அனுப்பாமல், ஆட்கொணர்வு போன்ற ரிட் மனுவிலேயே பணம் கொடுக்க வைத்ததுதான் அந்தத் தீர்ப்பின் பெரிய விஷயம்.

பத்து வருடம் கழித்து ஒடிசாவின் நீலாபதி பெஹரா வழக்கு. 22 வயது மகனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது, அடுத்த நாள் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. தப்பி ஓடி ரயிலில் அடிபட்டான் என்றது போலீஸ். அந்தத் தாய் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே ரிட் மனுவாக எடுத்துக்கொண்டு, மாவட்ட நீதிபதியை வைத்து விசாரிக்கச் சொல்லி, 1993இல் ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க வைத்தார்கள். போலீஸ் காவலில் நடக்கும் சித்திரவதை, மரணம் பற்றிய 1996ஆம் ஆண்டு டி.கே. பாசு தீர்ப்பிலும் இதே நிலைப்பாடுதான். அதில் இன்னொரு விஷயமும் உண்டு. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்தபோது, சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீடு என்ற உரிமை எங்கள் சட்டத்தில் இல்லை என்று இந்திய அரசு ஒதுங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சாக்கு இனிமேல் செல்லாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதையெல்லாம் வைத்துப் பார்த்தால், குண்டாஸ் வழக்கில் கை வைக்கத் தயங்குவதற்கு என்ன காரணம் இருக்கிறது?

நீதிமன்றத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவன் இல்லை. 1976 ஏப்ரல் 28ஆம் தேதி, நெருக்கடி நிலையின்போது, காவலில் வைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒன்பது உயர் நீதிமன்றங்கள் மக்கள் பக்கம் நின்றிருந்தன, அத்தனையையும் தூக்கிப் போட்டார்கள். மாறுபட்டு எழுதிய ஒரே நீதிபதி எச்.ஆர். கன்னா. அடுத்த ஜனவரியில் அவரைத் தாண்டி இன்னொருவரைத் தலைமை நீதிபதியாக்கினார்கள், அவர் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். அந்தத் தீர்ப்பை வெளிப்படையாகத் தவறு என்று சொல்ல 2017 வரை ஆனது. நாடாளுமன்றம் அதற்கு முன்பே, 1978இல், அரசமைப்புச் சட்டத்தில் 44வது திருத்தம் கொண்டுவந்து, உயிர் வாழும் உரிமையைத் தரும் 21வது பிரிவை இனி நிறுத்தி வைக்கவே முடியாது என்று ஆக்கியது. அதே திருத்தத்தில், அறிவுரைக் கழகத்தைக் கேட்காமல் ஒருவரை அடைத்து வைக்கக்கூடிய காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறைக்கும் ஒரு பகுதியும் இருந்தது. இன்று வரை எந்த அரசும் அதை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. ஜனதா, காங்கிரஸ், பாஜக, யாரும்!

சரி, ரவுடிகளுக்கு ஏன் இவ்வளவு பரிதாபம் என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். மாமூல் கேட்டுக் கடையை அடித்து நொறுக்குகிற ஆள் உள்ளே போனால் அந்தத் தெருவே மூச்சு விடுகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆளுக்கு எதிராகச் சாட்சியைப் பாதுகாத்து, குற்றப்பத்திரிகையை நேரத்துக்குப் போட்டு, ஜாமீனை எதிர்த்து வாதாடி, மீறினால் ஜாமீனை ரத்து செய்யச் சொல்லித் தண்டனை வாங்கிக் கொடுப்பதுதான் போலீஸ் வேலை. அதைச் செய்யாமல் குறுக்கு வழியில் குண்டாஸ் போட்டு, அதையும் அரைகுறையாகப் போட்டு, அது ரத்தாகி அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெளியே வருவதால் கடைக்காரருக்கு என்ன லாபம்? இழப்பீடு மக்கள் வரிப்பணம்தானே என்றும் கேட்பார்கள். முதலில் அரசு கொடுக்கட்டும், தப்பு செய்த அதிகாரியிடமிருந்து பிறகு வசூலிக்கட்டும். அரசுக்கு அந்த உரிமை உண்டு என்று டி.கே. பாசு தீர்ப்பே சொல்கிறது. ஒரு கலெக்டர் சம்பளத்தில் ஒருமுறை பிடித்தால் போதும், அடுத்த புக்லெட்டில் எல்லாப் பக்கமும் பளிச்சென்று இருக்கும்.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ யாருக்காவது இந்த உத்தரவு வந்தால் புக்லெட்டைப் பத்திரமாக வையுங்கள், ஒவ்வொரு பக்கத்தையும் பாருங்கள். முறையீட்டை உடனே அனுப்பி, அனுப்பியதற்கான ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். காவலில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழுவிலோ கேளுங்கள், நகையை அடகு வைக்கும் முன்னால் கேளுங்கள். அப்புறம், வக்கீலிடம் சொல்லி மனுவில் விடுதலையோடு இழப்பீட்டையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். அதெல்லாம் கிடைக்காது என்பார், பரவாயில்லை, கேட்கச் சொல்லுங்கள். மறுப்பதாக இருந்தால் ஏன் மறுக்கிறோம் என்று நீதிபதிகள் தீர்ப்பில் எழுதட்டும்.