ஆட்டுப்பால் நாறுமாம்

பால் வாங்க வருகிறவர்கள் முதலில் முகர்ந்துதான் பார்க்கிறார்கள். "மொச்சை வாடை அடிக்குமே?" கேட்டுக் கேட்டு காது புளித்துவிட்டது. அந்த வாடை பெரும்பாலும் வளர்ப்பில் வருவது. பருவத்துக்கு வந்த கிடா தன் மூத்திரத்தைத் தன் தாடியிலேயே பீய்ச்சிக்கொள்ளும். அதைப் பெட்டைகளோடு ஒரே கொட்டகையில் கட்டி, கறந்த பாலைத் திறந்த சொம்பில் அங்கேயே வைத்தால் வீச்சம் ஏறாமல் என்ன செய்யும்? எங்கள் கிடா தோட்டத்தின் மறுகோடியில். மடியை வெந்நீர்த் துணியால் துடைத்து, முதல் இரண்டு பீச்சைத் தனியாக விட்டு, கறந்த கையோடு வடிகட்டித் தூக்குவாளியை ஐஸ் தண்ணீரில் இறக்கிவிடுவோம், ஏனென்றால் ஆட்டுப்பால் கொழுப்பு சூட்டில் கிடந்தால் சிதைந்து வாடையெடுக்கும். இவ்வளவு பாடுபட்டும் தலைச்சேரி ஆடு ஒன்று நாளைக்கு ஒரு லிட்டரைத் தொட்டாலே பெரிது, அதைப் பசும்பால் விலைக்குக் கேட்கிறார்கள்! பிள்ளைக்கு இருமல் என்றால் "மருந்துக்குத்தானேக்கா, அரை டம்ளர் சும்மா ஊத்துங்க" வேறு. ஆடு தின்னும் அகத்தியையும் வேலிமசாலையும் எனக்கு யாரும் சும்மா வெட்டிப் போடுவதில்லை. நாறும் என்று சொல்லிக்கொண்டே சொம்பை நீட்டுகிறார்களே, அதுதான் மனசுக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.