வாசலில் பேசின், உள்ளே பூட்டிய யன்னல்

கொரோனாக் காலத்தில் எங்கட மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் சுகாதாரத்துக்கென்று போன காசும் உழைப்பும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற இடங்களுக்குத்தான் போயின. கடை வாசலில் கைகழுவுகிற பேசின், வீதியில் மருந்து விசிறுகிற பவுசர், நெற்றிக்கு நேரே நீட்டுகிற வெப்பமானி. வாசலைத் தாண்டி உள்ளே போனால் யன்னல் எல்லாம் பூட்டு, ஏசி ஓடுகிறது, சனம் தோளோடு தோள் நிற்கிறது. மூச்சால் பரவுகிற நோய்க்குக் காற்று முதலாவது, கை இரண்டாவது, மேசையும் கதவுப் பிடியும் கடைசி. நாங்கள் அதைத் தலைகீழாகச் செய்தோம். அடுத்தது வரும்போதும் அப்படியே செய்வோம் போலத்தான் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையுள்ளவர்கள் வாசியுங்கள்.

பிழை எங்கள் சனத்துடையது மட்டும் இல்லை. 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனமே இந்த வைரஸ் காற்றால் பரவுவதில்லை என்று அடித்துச் சொல்லிப் பதிவு போட்டது. பிறகு மெல்ல மெல்ல அந்தப் பேச்சிலிருந்து இறங்கி வந்தார்கள். 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம், கிருமி பட்ட பொருளை ஒரு தடவை தொட்டால் தொற்று வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று கணக்குச் சொன்னது. அதற்குள் இங்கே மரக்கறியைச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறப்போட்டவர்களும், காசுத் தாளை அயர்ன் பண்ணியவர்களும் களைத்துப் போயிருந்தார்கள். (மரக்கறிக்கு ஓடுகிற தண்ணீர் போதும். சவர்க்காரமும் குளோரினும் வயிற்றுக்குள் போக வேண்டிய சாமான் இல்லை.)

பூட்டிய அறையில் ஒருவர் சுருட்டுப் பற்றவைத்தால் மற்ற மூலையில் இருப்பவருக்கும் மணக்கும். மூச்சோடும் பேச்சோடும் வருகிற நுண்துளிகளும் அப்படித்தான் மிதக்கின்றன. ஒரு மீற்றர் தள்ளி நிற்பது நல்லது, ஆனால் யன்னல் இல்லாத அறைக்குள் அது மட்டும் காணாது. வீட்டிலும் கடையிலும் பூட்டுகிற ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை. இருக்கிற காற்றையே குளிராக்கித் திருப்பித் திருப்பிச் சுற்றவிடும். மேலே சுற்றுகிற ஃபேனும் அதே காற்றைக் கலக்குகிறதே ஒழிய மாற்றுவதில்லை. அதனால்தான் கிடுகால் வேய்ந்து அரைச்சுவரோடு நிற்கிற பழைய டியூசன் கொட்டிலைப் பார்த்து யாரும் வெட்கப்படத் தேவையில்லை. கண்ணாடி அடைத்து ஏசி பூட்டிய புது மண்டபத்தைவிட, தொற்றுக் காலத்தில் பிள்ளைக்கு அது பாதுகாப்பு.

அறையில் காற்று மாறுகிறதா என்று பார்க்க மீற்றர் வாங்கத் தேவையில்லை. ஒரு ஊதுபத்தியைப் பற்றவைத்து நடுவில் வையுங்கள். புகை ஒரு பக்கமாக இழுபட்டு வெளியே போனால் சரி. தலைக்கு மேலே தேங்கி நின்றால் அந்த அறையில் ஆள் கூடக்கூடாது. ஒரு யன்னலை மட்டும் திறந்தால் காற்று உள்ளே வந்து போக வழி குறைவு, எதிரெதிர் இரண்டு பக்கமும் திறக்க வேண்டும். ஒரே யன்னல்தான் என்றால் கதவையும் திறந்து, மேசை ஃபேனை யன்னலடியில் வெளியைப் பார்த்து வையுங்கள். உள்ளே பார்த்து வைத்தால் அறைக்குள் இருப்பவர்களின் மூச்சை மற்ற அறைகளுக்கு அனுப்புகிற வேலையையே அது செய்யும். நுளம்பு வலை அடித்த யன்னலில் வலைக்கண்களைத் தூசி அடைத்திருக்கும். யன்னல் திறந்திருக்கிறது என்று நினைப்போம், காற்று வராது. மாதத்துக்கு ஒருக்கால் வலையைக் கழற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் ஈரத்துணியால் துடையுங்கள்.

எங்கட பக்கம் யன்னல் பூட்டுகிற காலம் இரண்டு. கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும்போது வெக்கைக்கும் புழுதிக்கும், மாரியில் தூவானத்துக்கு. கச்சான் காலத்தில் காற்று வருகிற மேற்குப் பக்கத்தைக் கொஞ்சமாகவும், எதிர்ப்பக்கத்தை அகலமாகவும் திறந்தால் புழுதி குறையும், காற்றும் நிற்காது. மாரியில் மழை அடிக்காத பக்கத்தையும் கூரையோரக் காற்றுத் துவாரங்களையும் அடைக்காமல் விடுங்கள். அந்தத் துவாரங்களுக்குக் கடதாசி மட்டை அடித்து வைத்திருக்கிற வீடுகள் எத்தனை!

காற்றை மாற்ற முடியாத இடத்தில்தான் முகக்கவசத்துக்கு வேலை. கொழும்புக்குப் போகிற ஏசி பஸ்ஸில் இரவு முழுக்கப் பூட்டிய காற்று. கடற்கரையில் தனியாக நடக்கும்போது மாஸ்க் போட்டு, பஸ்ஸுக்குள் ஏறியதும் நாடிக்கு இறக்கிவிட்டு நித்திரை கொள்வது எங்களில் பலருக்குக் கைவந்த கலை. சேர்ஜிக்கல் மாஸ்க்கில் நிறப்பக்கம் வெளியே, கம்பி மூக்குக்கு மேலே. கம்பியை இரண்டு விரலால் மூக்கோடு அழுத்த வேண்டும். கன்னத்துப் பக்கம் வாய் பிளந்து நின்றால் காதுக் கயிற்றை மாஸ்க்கின் ஓரத்தோடு ஒட்டி ஒரு முடிச்சுப் போட்டு, மிஞ்சுகிற மடிப்பை உள்ளே தள்ளுங்கள், இடைவெளி அடைபடும். வியர்வையில் நனைந்தால் மூச்சுக் கஷ்டமாகும், உடனே இழுத்து இறக்குவோம். ஆகவே வெயில் நாளில் பையில் இன்னொன்று இருக்க வேண்டும். என்95 வகையைக் கழுவவே கூடாது. துகளை இழுத்துப் பிடிக்கிற மின்னூட்டம் அதன் நாரில் இருக்கிறது, கழுவினால் அது போய்விடும். கடதாசி உறையில் போட்டுக் காயவிட்டு, இரண்டு மூன்றை மாற்றி மாற்றி அணியலாம். அடர்ந்த தாடிக்கு மேலே அது இறுக்கமாக உட்காராது.

இனிக் கை. காற்றுக்கு அடுத்த இடம் என்றேன், ஆனால் வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல் போன்றவற்றுக்குக் கைதான் முன்னுக்கு நிற்கிறது. கைகழுவும் பழக்கத்தை ஊக்குவித்த இடங்களில் வயிற்றோட்டம் ஏறத்தாழ 30 வீதம் குறைந்ததாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

எங்கட வீடுகளில் ஒரு விசித்திரம் உண்டு. சாப்பிட முன் தண்ணீர், சாப்பிட்ட பின் சவர்க்காரம். மீன் கறி மணம் போகவேண்டும் என்பதற்காகச் சவர்க்காரம்! சாப்பிட முன் வலது கையை மட்டும் குழாயடியில் காட்டி, உதறிவிட்டு வந்து இருப்போம். ஒரு கையைத் தனியாகக் கழுவ முடியாது, தேய்க்க மற்றக் கை வேண்டும். கழுவுகிறவர்களும் உள்ளங்கையைத் தேய்த்துவிட்டுப் போய்விடுவார்கள். சோறு பிசைகிறது விரல் நுனிகளும் பெருவிரலும். அதிகம் தவறிப்போகிற இடங்களும் அவைதான். கையை நனைத்து, சவர்க்காரம் போட்டு, குழாயை மூடிவிட்டு உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என்று போங்கள். பெருவிரலை மற்றக் கையால் பொத்திப் பிடித்துச் சுழற்றுங்கள். கடைசியில் ஐந்து விரல் நுனியையும் குவித்து மற்ற உள்ளங்கையில் சுரண்டுங்கள், நகத்துக்குக் கீழே சவர்க்காரம் போவது அப்போதுதான். தேய்ப்புக்கு 20 செக்கன். மோதிரம் இருந்தால் கழற்ற வேண்டும், அடியில் ஈரமும் அழுக்கும் தேங்கும்.

கொரோனா, இன்புளுவென்சா போன்ற வைரஸ்களைச் சுற்றிக் கொழுப்பு உறை ஒன்று உண்டு. சவர்க்காரம் அதைக் குலைத்துவிடும். அதற்கு விலை கூடிய 'கிருமி கொல்லி' சவர்க்காரம் தேவையில்லை, உடுப்புத் தோய்க்கிற கட்டியே போதும். அப்படியான சவர்க்காரங்களில் கலந்த ட்ரைக்ளோசான் உட்பட 19 இரசாயனங்கள் சாதாரண சவர்க்காரத்தைவிட மேல் என்று நிரூபிக்கவில்லை என்றுதான் 2016இல் அமெரிக்காவில் அவற்றை நிறுத்தினார்கள். கடலோரக் கிணறுகளில் தண்ணீர் கொஞ்சம் உவர், பல இடங்களில் கடினமும்கூட. கட்டிச் சவர்க்காரம் அதில் நுரைக்காது, வெள்ளையாகத் திரண்டு கையில் ஒட்டும். சவர்க்காரத்தின் ஒரு பகுதி தண்ணீரிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்து வீணாகிறது, அதுதான் காரணம். கூடத் தேய்க்க வேண்டும், அல்லது சலவைத் தூள் கரைசலுக்குப் போக வேண்டும். ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலில் சலவைத் தூள் 30 கிராம் போட்டுக் குலுக்கி, மூடியில் ஊசியால் ஓட்டை போட்டுவிட்டால் பல நாள் வரும். பங்களாதேசில் நன்றாக வேலை செய்த முறை இது. தோல் வெடிக்கிறவர்களுக்கு மட்டும் ஒத்துவராது.

இந்தப் போத்தலுக்கு இன்னொரு நன்மை, காகம் தூக்காது. வெளியே வைத்த சவர்க்காரக் கட்டியைக் காகம் கொண்டுபோவது எல்லாருக்கும் தெரிந்த கதை. பாடசாலைக் கைகழுவுமிடங்களில் சவர்க்காரம் இல்லாததற்குக் காகத்தையும் ஒரு காரணமாகச் சொல்லலாம், ஆனால் ஒரே காரணம் அது இல்லை! கட்டிதான் வைக்க வேண்டுமென்றால் வெங்காய வலைப் பையில் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிடுங்கள். தட்டில் தண்ணீருக்குள் ஊறிக் கரைவதும் நிற்கும்.

வாசல் பேசின்கள் ஏன் செத்தன என்பதற்கு வருகிறேன். அவற்றில் பலவற்றுக்குக் கழிவுநீர் போக வழி செய்யவில்லை. கீழே வாளி வைத்தார்கள், வாளி நிறைந்தது, ஊற்ற ஆளில்லை, குழாயைப் பூட்டினார்கள். பிறகு மழைத் தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு முட்டையிட இடமாயிற்று. குழாயே திருகு குழாய் என்றால் அழுக்குக் கையால் திறந்து, கழுவிய கையால் அதையே தொட்டு மூட வேண்டும். முழங்கையால் தள்ளுகிற நெம்புக் குழாயோ காலால் மிதிக்கிறதோ போட்டிருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. தண்ணீர் லைன் இல்லாத இடத்துக்கு ஐந்து லீற்றர் கேன் ஒன்றைக் கம்பில் தொங்கவிட்டால் போதும். மேற்பக்கத்தில் சின்ன ஓட்டை, கழுத்தில் கயிறு, கயிற்று நுனியில் மிதி கட்டை. மிதித்தால் கேன் சாய்ந்து மெல்லியதாக ஊற்றும். தண்ணீர் விழுகிற இடத்தில் கல்லும் சரளையும் போட்ட குழி இருக்க வேண்டும். இன்னொன்று, கையைத் துடைக்கிற பொதுத் துவாய். பத்துப் பேர் துடைத்த ஈரத் துவாயில் கழுவிய கையைத் துடைப்பதைவிட உதறிக் காயவிடலாம். எங்கட வெயிலுக்கு ஒரு நிமிசம். சாறன் முனையும் சீலைத் தலைப்பும் துவாய்க் கணக்குத்தான்.

கலியாண வீட்டிலும் கந்தூரியிலும் கெண்டியால் ஊற்றிக் கை கழுவ வைப்பது நல்ல வழக்கம், ஓடுகிற தண்ணீர் அது. கூடச் சவர்க்காரம் வந்தால் குறையொன்றும் இல்லை. ஆனால் நோய் பரவுகிற நாட்களில் சஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் முகத்துக்கு முகம் இருந்து கதைத்துச் சாப்பிடுவதைக் கைகழுவல் காப்பாற்றாது. அந்த நாட்களில் தனிக் கோப்பை, முற்றத்தில் பந்தி.

சனிடைசர், தண்ணீர் இல்லாத இடத்துக்கான மாற்று. அற்ககோல் 60 வீதத்துக்குக் குறைந்தால் பயனில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் எத்தனோல் 80 வீதம். கலப்பில்லாத அற்ககோல் இன்னும் நல்லதென்று நினைக்காதீர்கள், சட்டென்று ஆவியாகிவிடும், கிருமியின் புரதத்தைக் குலைக்கக் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும். உள்ளங்கையில் குழியாக நிற்கிற அளவு, ஏறத்தாழ 3 மில்லிலீற்றர் எடுத்துக் காயும்வரை தேய்க்க வேண்டும். ஒரு சொட்டு பூசுவது சம்பிரதாயம். மீன் வெட்டிய கை, எண்ணெய்க் கை, மண் கை என்றால் அது எடுபடாது. அடுப்படிக்குப் போகுமுன் கை நன்றாகக் காய வேண்டும், அது எரியும்.

குளோரினைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும், கேடு வருவது அங்கேதான். வீட்டுக் குளோரின் திரவத்தின் லேபலில் 5 வீதம் என்றிருந்தால் 20 மில்லிலீற்றரை 980 மில்லிலீற்றர் தண்ணீரில் கலக்குங்கள், 0.1 வீதம் வரும். 70 வீதக் குளோரின் தூள் என்றால் 10 லீற்றருக்கு 14 கிராம், பிளாஸ்டிக் வாளியில், தண்ணீருக்குள் தூளைப் போட வேண்டும். முதலில் சவர்க்காரத்தால் அழுக்கை எடுத்த பிறகுதான் குளோரின். அழுக்கு மேலேயே ஊற்றினால் குளோரின் அழுக்கோடு சண்டைபோட்டுத் தீர்ந்துவிடும். வீதிக்கும் மதிலுக்கும் விசிறியது ஏன் வீண் என்பதற்கும் இதுதான் பதில், வெயில் வேறு அதைச் சிதைக்கும். ஆள்மேல் விசிறுவது கண்ணுக்கும் மூச்சுக்கும் கேடு. 2020 மே மாதமே உலக சுகாதார நிறுவனம் அதை வேண்டாமென்றது. கரைசலை அன்றன்றைக்குக் கரையுங்கள். மலசலகூடம் கழுவுகிற அமிலத் திரவத்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், சின்ன மலசலகூடத்துக்குள் நெஞ்சு அடைத்துவிடும்.

வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் அவருடைய கோப்பையை எரிக்கவோ எறியவோ தேவையில்லை, சாதாரண சவர்க்காரத்தில் கழுவினால் போதும். உடுப்பை உதறாமல் தோய்த்து வெயிலில் போடுங்கள். அறையின் வெளியன்னல் திறந்து, வீட்டுக்குள் வருகிற கதவு சாத்தியிருக்க வேண்டும். சாப்பாடு கொடுக்கப் போகிறவரும் நோயாளியும் இருவருமே மாஸ்க். கொத்தமல்லி அவித்துக் கொடுங்கள், தொண்டைக்கு இதம், மருந்து என்று நம்பாதீர்கள். (2020 டிசம்பரில் கொரோனாவுக்கு மருந்தென்று கொடுத்த பாணி வாங்கவென்று கேகாலையில் கூடிய கூட்டம் நோயை விரட்டப் போனதா, வாங்கி வரப் போனதா?) ஆவி பிடிப்பது வைரஸைக் கொல்லாது. கொதிதண்ணீர்ச் சட்டிக்கு மேலே பிள்ளையைப் போர்த்தி உட்காரவைப்பதில் சூட்டுக்காயம்தான் மிச்சம்.

விரலில் மாட்டுகிற ஒட்சிசன் மானி இருந்தால் நோயாளி ஐந்து நிமிசம் அசையாமல் இருந்த பிறகு போடுங்கள். நகப்பூச்சோ கறுப்பு மருதோன்றியோ உள்ள விரலில் இலக்கம் பிழைக்கலாம், கை குளிர்ந்திருந்தாலும் அப்படித்தான். வேறு விரலில், கையைத் தேய்த்துச் சூடாக்கி, இலக்கம் ஒரு நிமிசம் நிலைத்து நிற்கட்டும். அப்போதும் 94க்குக் கீழே காட்டினால், அல்லது கதைக்கும்போது மூச்சு வாங்கினால், விடியட்டும் என்று இருக்காமல் 1990க்கு அடியுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசு கட்டத் தேவையில்லை.