அரசர் இல்லாத சரித்திர நாவல்கள்

சரித்திர நாவல் என்றதும் நம்மில் பலருக்கு இன்னமும் குதிரைக் குளம்பொலியும் சுரங்கப்பாதையும்தான் நினைவுக்கு வருகின்றன. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ நம்மை அப்படிக் கட்டிப்போட்டிருக்கிறது. அதில் எனக்குக் குறையேதும் இல்லை. ஆனால் அதன் ஐந்து பாகங்களையும் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு, அடுத்து என்ன வாசிக்கலாம் என்று கேட்பவரிடம் இன்னொரு சோழர் கதையை நீட்டுவது அவருக்குச் செய்யும் உபகாரம் ஆகாது. அரியணைச் சண்டை இல்லாத சரித்திரத்தின் பக்கம்தான் அவரை அழைத்துப் போக வேண்டும் என்பேன்.

அதற்கு நல்ல தொடக்கம் பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’. பின்னாளில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியான (மொழிபெயர்ப்பாளரும் இடையாளருமான) ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பே அதன் அடித்தளம். குவர்னர்களும் நவாபுகளும் அதில் வராமல் இல்லை. என்றாலும் அவர்களுடைய சண்டை சச்சரவுகளுக்கு நடுவே குடியானவர்களும் தாசிகளும் எப்படிக் காலம் தள்ளினார்கள் என்பதில்தான் ஆசிரியரின் கண் நிலைத்திருக்கிறது. இதன் தொடர்ச்சியான ‘வானம் வசப்படும்’ 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. விருது பெற்ற நூலை மட்டும் வாங்கிவிடாமல் முதல் நூலிலிருந்து தொடங்குங்கள்.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சுமத்ராவின் மெடானுக்கும் மலேயாவின் பினாங்குக்கும் பிழைக்கப்போன தமிழர்களின் இரண்டாம் உலகப்போர்க்காலக் கதை அது. ஜப்பானியப் படை ஊருக்குள் நுழைகிறது. பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்குத் தாம் எதன் நடுவில் நிற்கிறோம் என்பது விளங்குவதில்லை. கதைநாயகன் பாண்டியன் குடித்துவிட்டுப் பேசும் பக்கங்களில் பழைய இலக்கிய வரிகளும் மதுரைத் தெருக்களின் நினைவும் ஒன்றோடொன்று மோதுகின்றன. தமிழரின் பழம்பெருமை அத்தனையையும் கேலி செய்துகொண்டே அதற்காக ஏங்கவும் செய்கிற அந்தக் குரலுக்கு இணையாக வேறொன்றை நான் வாசித்ததில்லை. யார் பேசுகிறார், எங்கிருந்து பேசுகிறார் என்பது முதலில் பிடிபடாமல் போகலாம். பொறுத்துக்கொண்டு மேலே செல்லுங்கள். இரண்டே நாவல்களோடு இவர் நிறுத்திக்கொண்டது நம் நட்டம்.

பூமணியின் ‘அஞ்ஞாடி’ ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் நூல். ஆண்டி, மாரி என்ற இரு சிறுவர்களின் நட்பில் தொடங்கி 1899ஆம் ஆண்டின் சிவகாசிக் கலவரம் வரை போகிறது. காடுகரையில் அவர்கள் சுற்றித் திரியும் பகுதியை நிதானமாக வாசித்தவருக்குத்தான் பின்னால் வரும் கலவரம் உறைக்கும். சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ நாவலைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசியாயிற்று; அதில் தகவல்களின் பாரம் சில இடங்களில் கதையை அழுத்துகிறது என்பது என் அபிப்பிராயம்.

சமகால நாவலுக்கும் என் அளவுகோல் வேறல்ல: தங்களுக்கு நேர்வது இன்னதென்று முழுதாக அறியாத மனிதர்கள் அதில் இருக்க வேண்டும். இமையத்தின் ‘செல்லாத பணம்’ பெரும்பகுதியும் ஒரு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவையே சுற்றி நடக்கிறது. உள்ளே மகள் கிடக்க, வெளியே காத்திருக்கும் குடும்பத்தின் பேச்சிலேயே அவளுடைய திருமணமும் சாதியும் பணமும் அம்பலமாகின்றன. ஆசிரியர் ஓரிடத்திலும் குறுக்கே வந்து விளக்கம் சொல்வதில்லை. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யையும் இத்துடன் வாசிக்கலாம்.

சயந்தனின் ‘ஆதிரை’யை எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் எனக்குத் தயக்கம். மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்களையும் ஈழப்போரையும் எழுதும் அந்த நாவலைச் சரித்திரம் என்று ஒதுக்கிவைக்க, அதை வாழ்ந்து கடந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.